நேராக நிற்கும் கட்டைகள்

தேன்பாறைத் தோட்டம், மேற்பிரிவு,
பத்துக் காம்பரா லயம், ஏழாம் காம்பரா,
வட்டவளை.
29.5.1955

அன்பு மகள் சண்முகவடிவுக்கு உன் அம்மா இருளாயி எழுதுவது. நானும் உன் அண்ணன் முத்துலிங்கமும் கை காலோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அக்கரப்பத்தனைக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வர வேண்டாம். உன்னை அழைத்துவர நானும் வரமாட்டேன், அண்ணனும் வரமாட்டான். அங்கேயே தோட்டத்து மருத்துவச்சியை வைத்துப் பெற்றுக்கொள்.

இதை வாசித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா என்ன பேசுவாள் என்றும் தெரியும். கல்யாணத்தன்றே நம் ஓர் அறைக் காம்பராவுக்குள் வந்து, ஈரமண் வாசம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தியவள். இப்போது அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு வேறு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வட்டவளை மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வருஷம் வேறொன்றும் இருக்கிறது. நம் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற தேயிலை மலையில் சித்திரை மாதம் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் மாட்டின் கால் போகிற அளவுதான் இருந்தது. பிறகு குறுக்கே நீண்டு நம் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வந்துவிட்டது. கவ்வாத்து வெட்டப் போனவர்கள் பார்த்துச் சொல்ல, தோட்டத்துத் துரை கொழும்புக்கு எழுதி, மலை சரிவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஐயா ஒருவர் வந்தார். சிங்களவர், சின்ன வயதுதான். சப்பாத்து முழுக்கச் சேற்றோடு மலை முழுவதும் நடந்தார். மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். பிறகு மலைக்குக் குறுக்கே வெள்ளைச் சாயம் பூசிய கட்டைகளை ஒரே நேராக அடித்தார். இரண்டு ஓரக் கட்டைகளும் கற்பாறை ஓரத்தில், நடுக் கட்டைகள் தேயிலைக்குள்.

அவர் இங்கிலீசில் ஏதோ சொன்னார். மலையில் எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? “கட்டையெல்லாம் இப்ப இருக்கிற மாதிரி நேரா நிக்கணும். எவனாச்சும் தட்டிவிட்டான்னு தெரிஞ்சா அன்னைக்கே பேர் வெட்டு, வேலை போச்சு.” உன் அண்ணனைக் கட்டைகளுக்குக் காவலாகவும் போட்டுவிட்டார்.

போன கிழமை அந்த ஐயா திரும்பி வந்தார். கட்டைகளைப் பார்த்துவிட்டு, மலை நகரவில்லை, நல்லது என்று சொன்னார். மலை நகர்ந்தால் லயத்து ஆட்களையெல்லாம் கீழே பழைய தேயிலை ஸ்டோருக்கு மாற்றுவதாகத் துரை சொல்லியிருந்தார். இனி அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நம் லயத்துத் தலைவர் செல்லசாமி கோயிலில் பொங்கல் வைத்தார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அப்படியென்றால் நான் ஏன் வரக்கூடாது என்று கேட்பாய். கேட்காதே. நான் காரணம் இல்லாமல் உன்னை எதற்கும் தடுத்ததில்லை. நம் கதவை இப்போது சாத்த முடியவில்லை. அண்ணன் அதைச் சீவிச் சீவிப் பார்க்கிறான். அவன் முன்போல் பேசுவதில்லை.

கணக்கப்பிள்ளையிடம் கடிதம் எழுதக் கொடுத்தால் காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக் களம் முழுவதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் நானாக எழுத்தைக் கற்றுக்கொண்டேன். ஆகவே இதை நீயும் மற்றவர் கையில் கொடுக்காதே. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

உன் அம்மா,
இருளாயி


தேன்பாறைத் தோட்டம், மேற்பிரிவு,
பத்துக் காம்பரா லயம், ஏழாம் காம்பரா,
வட்டவளை.
19.6.1955

அன்பு மகள் வடிவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. மை கலைந்திருந்த இடங்களைப் பார்த்தேன். நீ அழுதாய் என்று தெரிந்தது. சம்பந்தியம்மா “பிள்ளை பெத்துக்க வர்ற மகளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த மனசில்லாத தாயை இப்பத்தான் பாக்கிறேன்” என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பத்துப் பேர் முன்னால் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவள் சொல்லட்டும். அவளுக்கு நான் பதில் வைத்திருக்கிறேன், பிறகு ஒரு நாள் கொடுப்பேன். ஆனால் நீயும் அதையே நினைத்தால் என்னால் தாங்க முடியாது. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மலை நகரவில்லை என்று அந்த ஐயா சொன்னது பொய்யான கணக்கு. பொய் அவருடையது இல்லை. நம்முடையது.

அவர் இரண்டாம் முறை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பெருமழை விட்ட காலையில், விறகு பொறுக்க நான் மேலே போனேன். உன் அண்ணனும் செல்லசாமியும் இன்னும் இரண்டு பேரும் அங்கே கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது நேர் பார்க்கப் பிடிப்பார்களே, அதே கயிறு. என்னடா செய்கிறீர்கள் என்று கேட்டேன். “கட்டையெல்லாம் கோணிப் போச்சும்மா. கண்டாக்கையா பாத்தாருன்னா நாங்கதான் தட்டிவிட்டோம்னு பேர் வெட்டிப்புடுவாரு” என்றான் உன் அண்ணன். நடுவில் இருந்த கட்டைகளைப் பிடுங்கி, கயிற்றுக்கு நேராக மேலே கொண்டுவந்து அடித்தான். அவன் கை வேலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. பழைய குழிகளை மூடி, புல்லை வைத்து மிதித்து, யாருக்கும் சந்தேகம் வராமல் முடித்தான். செல்லசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, “அக்கா, ஒங்க மகன் கயிறு பிடிச்சா இந்த மலையே நேரா நிக்கும்” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்தக் கட்டைகள் எதற்கு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நிலம் அளக்கிறவன் கட்டை அடித்தால் நம் ஆட்களுக்கு ஒன்றுதான் தெரியும்: எங்கேயோ யாரையோ கிளப்பப் போகிறார்கள். மரக்கறிப் பாத்தி போகும், மாட்டுக் கொட்டில் போகும். கட்டையைத் தொட்டவன் தொலைந்தான். அதுதான் தெரியும்.

ஐயா இரண்டாம் முறை வந்தபோதுதான், துரை பங்களாவிலிருந்து வந்த ஒருவரை வைத்து எங்களுக்கு விளக்கிச் சொல்லச் சொன்னார். நல்ல மனுஷன், ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். இரண்டு ஓரக் கட்டைகளும் பாறையில் நிற்கின்றன, அசையாது. நடுக் கட்டைகள் கீழே இறங்கியிருந்தால் மலை இறங்குகிறது என்று அர்த்தம். பாருங்கள், இறங்கவில்லை. இப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே எல்லோரையும் ஓரக் கட்டையின் பின்னால் குனிந்து பார்க்கச் சொன்னார். நானும் குனிந்து பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து உன் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்லசாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார்.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பாய். கண்டாக்கையா பக்கத்தில் நின்றார். பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்கள். நாம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு எத்தனை காலம் ஆயிற்று. விசாரணை வரும்போது இந்தத் தோட்டத்தில் இந்தக் காம்பராவில் இத்தனை வருஷம் விடாமல் இருந்தோம் என்று காட்ட வேண்டும். நானும் உன் அப்பாவும் இங்கே கொட்டிய உழைப்பைக் காட்ட வேறு ஒன்றும் நம்மிடம் இல்லை. “சொன்னா பேரு போயிரும், பேரு போனா காம்பரா போயிரும். அப்புறம் நாம எந்த ஊரு ஆளுன்னு சொல்லிக்கிறது?” என்று அண்ணன் கேட்கிறான். வாய் மூடி இருந்தேன். நான் வாய் மூடி இருந்தேன் என்றால் நீயே நம்பமாட்டாய்.

ஆனால் வடிவு, எனக்குப் பயமாக இருக்கிறது. பகலில் எல்லோரும் மலைக்குப் போய்விடுவார்கள். லயத்தில் நானும் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு கிழவியும்தான். அப்போது தரைக்குக் கீழே சாக்கு மூட்டையை யாரோ இழுத்துப் போகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கொஞ்சம் இழுத்து நின்றுவிடும். அந்தக் கிழவிக்குக் காது கேட்காது. நான் யாரிடம் கேட்பேன்? பீலித் தண்ணீர் மழை இல்லாத நாளிலும் செம்மண்ணாக வருகிறது. அடுப்புக்குப் பின்னால் சுவரில் விட்ட கீறலுக்குச் சாணி பூசினேன், மறுநாள் சாணியும் வெடித்திருந்தது. முன்பெல்லாம் வாசல் இஸ்தோப்பில் ரோட்டைப் பார்த்து உட்காருவேன். இப்போது முதுகுக்குப் பின்னால் மலை இருப்பது பிடிக்காமல் மலையைப் பார்த்தே உட்காருகிறேன். அதுவும் பிடிக்கவில்லை.

இந்த வீட்டில், அந்தச் சுவருக்குக் கீழே பாய் விரித்து உன்னைப் படுக்கவைத்து நான் எப்படிப் பிரசவம் பார்ப்பேன்? இதுதான் காரணம். கஞ்சி இல்லாமல் இல்லை. உனக்கென்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வாங்கி மூடி வைத்திருக்கிறேன்.

அந்த ஐயா கடைசி முறையாக அடுத்த கிழமை வருகிறாராம். நான் சொல்லப் போகிறேன். கட்டைகளைத் திருப்பி அடித்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன். என் பேர் வேலையாட்கள் செக்ரோலிலிருந்து எப்போதோ எடுத்தாயிற்று, இனி எதை வெட்டுவார்கள்? அண்ணனுக்கு இது தெரியாது. நீயும் எழுதாதே. வயிற்றுப் பாரத்தோடு குனிந்து தண்ணீர் தூக்காதே. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், வெட்கப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்.

உன் அம்மா,
இருளாயி


பழைய ஸ்டோர்,
தேன்பாறைத் தோட்டம், வட்டவளை.
10.7.1955

அன்பு மகள் வடிவுக்கு.

மேலே விலாசத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். லயம் காலியாகிவிட்டது. மலை இன்னும் விழவில்லை. எல்லோருக்கும் உயிர் இருக்கிறது. இதை முதலில் தெரிந்துகொண்டு மூச்சு விட்டுவிட்டு மற்றதை வாசி.

ஐயா வந்த அன்று நான் மலையேறிப் போய், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். கட்டைகள் கோணியிருந்தன, நான்தான் நேராக அடித்தேன் என்றேன். கண்டாக்கையா விழுந்து விழுந்து சிரித்தார். “கெழவி, ஒனக்குச் சம்மட்டியத் தூக்கத் தெரியுமா? தூக்கிக் காட்டு பாப்போம்” என்றார். தூக்கிக் காட்டவும் போனேன். அதற்குள் உன் அண்ணன் முன்னால் வந்து, “அம்மா சும்மா சொல்லுது. நான்தாங்க அடிச்சேன், நான் ஒருத்தன்தான்” என்று சொல்லிவிட்டான். ஒருத்தன்தான் என்றான், கேட்டாயா? கயிற்றின் மறுமுனையைப் பிடித்த செல்லசாமி அங்கேதான் நின்றார். வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை.

அந்த ஐயா கோபப்படவில்லை. நனைந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு இறங்கியிருந்தது என்று கேட்டார். அண்ணன் கையை விரித்துக் காட்டினான், ஒரு சாணுக்கு மேல். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது. “கோணல்தான் எனக்கு வேணும் அம்மே. கோணல் பாக்கத்தான் கட்டை” என்றார். அதை முதல் நாளே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன் நான். ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு அவர் என்னிடம், கோணிய அன்றே நீங்களும் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். நான் கண்டாக்கையாவின் முகத்தைப் பார்த்தேன். ஐயாவும் அதே முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. துரையிடம் இங்கிலீசில் நெடுநேரம் பேசினார். அன்று பின்னேரமே லயத்தைக் காலி பண்ணி எல்லோரையும் இந்தப் பழைய ஸ்டோருக்கு அனுப்பினார்கள்.

மழை விட்டால் பயம் விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மலைக்குள் இறங்கிய தண்ணீர் வெயிலடித்தாலும் உள்ளேயே கிடக்குமாம். நல்ல வெயில் நாளில்கூட மலை வரலாமாம். ஐயா புதிதாக அடித்த கட்டைகளும் இறங்கத் தொடங்கிவிட்டன. இம்முறை யாரும் தொடவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

ஸ்டோரில் பத்துக் குடும்பத்துக்கும் நடுவில் சாக்குப் படுதாதான். ஒருவர் அடுப்புப் புகை மற்றவர் கண்ணில். இதற்கெல்லாம் காரணம் இருளாயி. அப்படித்தான் பேசுகிறார்கள். அடுத்த காம்பரா அழகம்மா, உனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவள், இப்போது என்னைக் கண்டால் முந்தானையைத் திருப்பிக்கொள்கிறாள். இன்னொருத்தி, “மலை அப்படியே நிக்குதே அக்கா, எப்ப வருதுன்னு ஒங்க ஐயாகிட்ட நாள் பாத்துச் சொல்லுங்க, நாங்க குளிச்சிட்டு நிக்கிறோம்” என்கிறாள். பகலில் பெண்கள் பழைய லயத்துக்குப் போய்ச் சமைத்துவிட்டு வருகிறார்கள். பாத்தியில் கோவா மரக்கறி முற்றிவிட்டதாம். நான் பாதை முனையில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொருத்தியையும் திட்டுகிறேன். திட்டினால் பாதிப் பேர் திரும்புகிறார்கள். மலை விழ வேண்டும் என்று நான் வேண்டுவதாகப் பேச்சு. விழாவிட்டால் பொய்க்காரி, விழுந்தால் கரிநாக்குக்காரி. இரண்டில் எது ஆனாலும் சரி, ஆட்கள் கீழே இருந்தால் போதும்.

இனி உன் அண்ணன் விஷயம். மறுநாள் பெரட்டிலேயே பேர் வெட்டிவிட்டார்கள். ஐயா பேசிப் பார்த்தார், கண்டாக்கையா கேட்கவில்லை. பேர் வெட்டினவனுக்கு ஸ்டோரிலும் இடம் இல்லையாம், கிழவி நான் மட்டும் இருந்துகொள்ளலாமாம். ஏழாம் காம்பராவுக்கும் பூட்டுப் போடப் போவதாகச் சொன்னார்கள். இது காதில் விழுந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் பழைய காம்பராவுக்கே போய்விட்டான். ஆள் இருக்கிற காம்பராவுக்குப் பூட்டுப் போட முடியாது, விசாரணை முடிகிறவரை நகரமாட்டேன் என்கிறான். வெறுமையாகக் கிடக்கிற லயத்தில், அந்தச் சுவருக்குக் கீழே, தனியாக.

சோறு கொண்டுபோகிறேன். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், காலைப் பிடிக்கவும் போனேன். “ஒம் மகன் மலைக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கம்மா” என்று சிரிக்கிறான். என் பிடிவாதம்தான் அவனுக்கும் வந்திருக்கிறது. யாரை நான் குறை சொல்வேன்? பேசியதும் நான். பேசாமல் இருந்திருந்தால் எல்லோரும் அங்கே இருந்திருப்பார்கள். பேசினேன், அவன் மட்டும் இருக்கிறான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் நம் லயத்துக் கூரை தெரியும். மூடுபனி வந்து மறைத்துவிட்டால் அது விலகுகிறவரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை.

மகளே, நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். நான் சொல்லி அவன் கேட்கமாட்டான். நீ கூப்பிட்டால் வருவான். அண்ணனுக்குத் தந்தி அடி. உடனே வா என்று மட்டும் அடி. காரணம் போடாதே, காரணம் இல்லாத தந்திக்குத்தான் மனிதன் ஓடிவருவான். வந்த பிறகு பயமாக இருக்கிறது, பிள்ளை பிறக்கிறவரை பக்கத்தில் இரு என்று சொல். பொய் சொல்லச் சொல்கிறாளே என்று நினைக்காதே, உனக்கும் பயம் இருக்கும்தானே. பிறந்த பிறகு தாய்மாமன் மடியில் வைத்துப் பெயர் வைக்க வேண்டும் என்று சொல். அப்புறம் காது குத்த வேண்டும் என்று சொல். எதையாவது சொல்லி இழுத்து வைத்துக்கொள். அவனைத் திருப்பி அனுப்பாதே. இதற்காகச் சம்பந்தியம்மாவிடம் நான் கும்பிட்டுக் கேட்டதாகவே சொல்லலாம். ஆமாம், நான் சொன்னதாகத்தான்.

காம்பராவை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவன் கேட்பான். அதைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல். காம்பராவில் ஆள் இருக்கும். பூட்டோடு வருகிறவன் என்னைத் தாண்டித்தான் போட வேண்டும். அடுப்பு அங்கேயேதான் இருக்கிறது, ஒருத்திக்கு எவ்வளவு சமையல்.

கருப்பட்டியும் எண்ணெயும் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணெயைச் சூடாக்கி இடுப்பில் தேய்க்கச் சொல். வலி வந்தால் பல்லைக் கடிக்காதே, வாய்விட்டுக் கத்து, யாருக்கும் வெட்கப்படாதே. நீயும் பிள்ளையும் அவனும் ஒரே கூரைக்குக் கீழே நன்றாக இருக்க வேண்டும். அதைவிட எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

பிள்ளை பிறந்ததும் எழுது. ஆணா பெண்ணா என்று முதல் வரியிலேயே எழுதிவிடு. ஸ்டோர் என்று போடாதே, பழைய விலாசத்துக்கே எழுது. ஏழாம் காம்பரா.

உன் அம்மா,
இருளாயி